பாண்டிக்குப் போனேன், பாட்டுக் கேட்க!

ஆபீஸில் யாரிடமாவது, "இந்த சனிக்கிழமை பாண்டிச்சேரி போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதிராளி முகத்தில் ஒரு தினுசான சிரிப்பு மலரும். "எனக்கு ரெண்டு" என்று விரலைக் காட்டுவார் கேஷியர். "வர்றப்ப செக்போஸ்ட்ல ஜாக்கிரதை" என்பார், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் மேனேஜர்.

"அதெல்லாம் இல்லை ஸார், சித்தப்பா வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

"ஆமாமா, எல்லாருக்கும் அங்கே ஒரு சித்தப்பா இருக்கத்தான் செய்யறார்!"

எனக்கு நிஜமாகவே இருக்கிறார் ஸார். முதலியார்பேட்டையில், சொந்த வீட்டில், ரேஷன் கார்டோடு இருக்கிறார். வியாழக்கிழமை ராத்திரி அவரிடமிருந்துதான் போன்.

"உடனே கிளம்பி வா. உன் தம்பி வேலையை விடப் போறானாம்."

"வேற நல்ல வேலை கிடைச்சிருக்கா சித்தப்பா?"

"பாட்டுப் போடப் போறானாம்."

"ரேடியோவிலயா?"

"பார்ல!"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் சித்தப்பாவுக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது. முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஒரு பைல்கூடத் தொலைக்காமல் ரிடையர் ஆனவர். கடைசியில் பெற்ற பிள்ளை தொலைந்துவிடுவானோ என்று பயம்.

"நீ பி.காம். படிச்சவன். பத்திரிகையில வேற எழுதறே. கணக்குப் போட்டு எடுத்துச் சொல்லு, கேப்பான்."

சித்தப்பாவுக்குத் தெரியாத பழைய கதை ஒன்று உண்டு. காலேஜில் படிக்கும்போது நானும் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன்தான். செகண்ட் ஹாண்டில் வாங்கிய காஸியோ. ஒரு கட்டை மட்டும் அமுங்கினால் எழுந்திருக்காது. அந்த ஸ்வரம் வராத பாட்டாகப் பார்த்து ஒத்துக்கொள்வோம். படிப்பு முடிந்ததும், "சி.ஏ. இன்டர் எழுதுடா" என்றார் அப்பா. பரீட்சைப் பணம் கட்டக் கீபோர்டை விற்றேன். பரீட்சையும் பாஸாகவில்லை, கீபோர்டும் போயிற்று. இப்படிப்பட்ட ஆளைத்தான் புத்திமதி சொல்லக் கூப்பிடுகிறார்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். ஊர்ப் பெயரை 2006-ல் புதுச்சேரி என்று மாற்றியாகிவிட்டது. பஸ் கண்டக்டர்களுக்கு அந்த சர்க்குலர் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. "பாண்டி பாண்டி பாண்டி" என்று கூவிக்கொண்டேதான் ஏற்றினார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் என்னைப் போல் வேலைக்குப் போகிற இளவட்டங்கள். (முப்பத்தைந்து வயதுக்காரன் தன்னை இளவட்டம் என்று சொல்லிக்கொள்ள பஸ் பயணத்தில் மட்டும் அனுமதி உண்டு.)

வீட்டு வாசலில் தாத்தா உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவின் அப்பா. எண்பதைத் தாண்டியவர். கடலூர் ரோட்டில் இருக்கிறதே ஏ.எஃப்.டி. மில், அதில் தறி ஓட்டியவர். ஊர்க்காரர்கள் வாயில் இன்றைக்கும் அது ரோடியர் மில்தான். 1898-ல் ஆரம்பித்த மில். 2020 ஏப்ரலோடு நிரந்தரமாக மூடிவிட்டார்கள். தாத்தாவுக்கு மட்டும் அது மூடவே இல்லை. காது கொஞ்சம் மந்தம். தறிச் சத்தத்தில் போன காது.

"வா தம்பி. உன் தம்பியப் பாக்க வந்தியா? ராவு பூரா டமடமன்னு ஒரே சத்தம். எனக்கே கேக்குதுன்னா பாத்துக்கயேன்!"

"தொந்தரவா இருக்கா தாத்தா?"

"தொந்தரவு என்னா? எங்க மில்லு சத்தந்தான் அது. அதே டக்கட்டிக் டக்கட்டிக்... எங்களுக்கு அதைக் கேக்கறதுக்குக் கூலி குடுத்தான். இவன் கைக்காசு போட்டுக் கேக்கறான்!"

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு நிஜமான வருத்தத்தைச் சொன்னார். "எட்டு மணி நேர வேலைக்காக இந்த ஊர்ல உசுரு குடுத்திருக்காங்க தம்பி. இவன் என்னடான்னா பகல்ல ஒரு வேலை, ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒரு வேலைங்கறான்."

அது பேச்சுக்குச் சொன்னதல்ல. 1936 ஜூலை 30-ம் தேதி, சவானா மில்லில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. தாத்தாவின் அப்பாவும் மில் தொழிலாளிதான். பாண்டிச்சேரி என்றால் பாட்டில் மட்டும் ஞாபகம் வருகிறவர்கள் ஒருமுறை கடலூர் ரோடு பக்கமும் போய்வரலாம்.

காபி டம்ளரை வைப்பதற்குள் சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். "எல்லாரும் ஏ.ஆர். ரஹ்மான் ஆயிட முடியுமா?"

பிள்ளை வாத்தியம் கேட்டால் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் அப்பாக்கள் சொல்லும் முதல் வசனம் இது. எங்கப்பாவும் சொன்னார். ஆனால் ரஹ்மான் கதையை யாரும் ஆரம்பத்திலிருந்து சொல்வதில்லை. அவருடைய அப்பா ஆர்.கே. சேகர் 1976-ல் காலமானபோது பையனுக்கு ஒன்பது வயது. அப்பா விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. 'ரோஜா' வந்தது 1992-ல். அதற்குள் அடுத்தவர்கள் இசையில் கீபோர்டு வாசித்தும், விளம்பரங்களுக்கு ட்யூன் போட்டும் வருஷக்கணக்காகச் சம்பாதித்தாகிவிட்டது. நட்சத்திரம் ஆவதற்கு முன்னால் அவர் கூலிக்காரர்; அதற்கும் முன்னால் வாடகைக்காரர்.

இதைச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கலாம். வந்த வேலைக்கு விரோதமாகப் போகுமே என்று காபியைக் குடித்தேன்.

தம்பி சாயந்தரம் வந்தான். இருபத்து மூன்று வயது. அவனும் பி.காம்.தான்! ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட். சம்பளம் 16,000. முதுகில் ஒரு பெரிய பை.

"அண்ணே, அப்பா உன்னை எதுக்கு வரச் சொன்னாருன்னு தெரியும். மொதல்ல வந்து கேளு. அப்புறம் திட்டு."

நியாயமான கோரிக்கை. பைக்கில் ஏறினேன்.

புதுச்சேரியை நடுவில் ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் தமிழர் தெருக்கள், அந்தப் பக்கம் கடலை ஒட்டி மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளுமாக வெள்ளைக்கார நகரம். இந்தப் பக்கம் தாளிக்கிற வாசனை, அந்தப் பக்கம் ரொட்டி வேகிற வாசனை, நடுவில் வாய்க்காலின் சொந்த வாசனை. மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினால் பாரதி பூங்கா. அங்கே 1827-ல் தொடங்கிய நூலகம் ஒன்று இருக்கிறது. இன்றைய பெயர் ரோமன் ரோலண்ட் நூலகம்.

"சின்ன வயசுல இந்த போர்டைப் பாத்துட்டு ரோலண்ட் கம்பெனிக்கு நம்ம ஊர்ல லைப்ரரி இருக்குன்னு நெனச்சிட்டேண்ணே" என்றான்.

ரோலண்ட் என்பது கீபோர்டும் எலெக்ட்ரானிக் டிரம்ஸும் செய்யும் ஜப்பான் கம்பெனி. 1972-ல் காகேஹாஷி என்பவர் ஆரம்பித்தது. எந்த நாட்டுக்காரன் வாயிலும் சுலபமாக நுழையட்டும் என்று வைத்த பெயராம். நூலகத்து ரோலண்டோ நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு எழுத்தாளர். ஆனால் பையன் ரொம்பவும் தப்பு செய்துவிடவில்லை. அந்த எழுத்தாளரின் பெரிய நாவலின் கதாநாயகனும் ஒரு இசைக்காரன்தான்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் டி.ஜே.க்களுக்கும் உள்ள பந்தம் இதோடு முடியவில்லை. டிஸ்கோ என்கிறோமே, அது 'டிஸ்கோதேக்' என்ற பிரெஞ்சு வார்த்தையின் வால் வெட்டிய வடிவம். பிப்ளியோதேக் என்றால் புத்தகங்களைச் சேர்த்து வைக்கும் இடம். டிஸ்கோதேக் என்றால் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம். ஆக, டிஸ்கோவுக்குப் போகிறேன் என்பதும் லைப்ரரிக்குப் போகிறேன் என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் சொல்லிப் பார்க்க விரும்புகிறவர்கள் சொந்தப் பொறுப்பில் சொல்லிப் பார்க்கலாம்.

இன்னொன்று. 1948-ல் பியர் ஷேஃபர் என்ற பாரிஸ் வானொலிக்காரர், ரயில் இன்ஜின் சத்தங்களைப் பதிவு செய்து, வெட்டி, திருப்பித் திருப்பி ஓட வைத்து, "இதுதான் சங்கீதம்" என்று ஒலிபரப்பினார். கேட்டவர்கள் என்ன பாடுபட்டார்களோ! வாத்தியமே இல்லாமல், பதிவு செய்த சத்தத்தையே வாத்தியமாக்கும் இன்றைய வேலைக்கெல்லாம் அவர் முன்னோடி. அன்றைக்குப் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 நவம்பர் 1-ம் தேதிதான் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது.

ஓட்டலுக்கு வந்துவிட்டோம். கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் பார். பெயர் வேண்டாம்; தம்பிக்கு அங்கே இரண்டு மாசப் பாக்கி இருக்கிறது.

டி.ஜே. என்றால் பென் டிரைவைச் செருகிவிட்டுக் கையைத் தூக்கி ஆடுகிறவர் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு பாட்டு ஊருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஹெட்போனின் ஒரு காதில் அடுத்த பாட்டைத் தனியாகக் கேட்கிறான். இது நிமிஷத்துக்கு 120 தட்டு, அது 126 என்றால் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டின் தாளமும் ஒன்றன் மேல் ஒன்றாக விழும்படி இழைத்து, முதல் பாட்டை மெதுவாகக் கழற்றிவிடுகிறான். ஆடுகிறவனின் கால் ஒரு அடிகூடத் தடுமாறக்கூடாது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இன்னொரு ஓடுகிற பஸ்ஸுக்கு ஐம்பது பேரைத் தூக்கம் கலையாமல் மாற்றுவது போன்ற காரியம்.

அதுபோக, டி.ஜே. வேறு, புரொட்யூசர் வேறு. சினிமாவில் பணம் போடுகிறவர் அல்ல. இந்த உலகத்தில் புரொட்யூசர் என்றால் கம்ப்யூட்டரில் தாளத்தையும் ஸ்வரத்தையும் அடுக்கிச் சொந்தமாகப் பாட்டு உண்டாக்குகிறவர். டி.ஜே. பரிமாறுகிறவர் என்றால் இவர் சமைக்கிறவர். தம்பிக்குச் சமைக்க ஆசை. ஓட்டல்காரருக்குப் பரிமாற ஆள் தேவை. பிரச்னை அவ்வளவுதான்.

ஒன்பதரை மணிக்கு பார் நிறைந்துவிட்டது. சென்னைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள். துண்டுச் சீட்டுகள் வர ஆரம்பித்தன. குத்துப் பாட்டு வேண்டும் என்று நாலு சீட்டு. 'ஹேப்பி பர்த்டே' போடச் சொல்லி ஒன்று. டிசம்பர் 31 ராத்திரிக்கே உரிய அந்த 'சகலகலா வல்லவன்' பாட்டைக் கேட்டு ஒன்று. அது ஜூலை மாசம் ஸார்! தம்பி முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் போட்டான். கூட்டம் துள்ளியது.

பதினோரு மணி வாக்கில் என் பக்கம் பார்த்துக் கண்ணைக் காட்டினான். பாட்டு மாறியது. குரல் இல்லை, சினிமா இல்லை. அடியில் ஒரு தாளம், அதன் மேல் மெல்லிய ஒரு இழை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஹிந்தோளம் மாதிரி இருந்தது. அவனுடைய சொந்தப் பாட்டு.

நாலு நிமிஷம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் மேஜைக்குப் போனார்கள். ஒருவர் போனை எடுத்தார். மேனேஜர் வந்து தம்பியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். உடனே குத்துப் பாட்டு. திரும்பவும் துள்ளல்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் அவனைத் திட்ட வந்தவன். அதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. ஆனாலும் அந்த நாலு நிமிஷமும் யாராவது ஒருவராவது ஆடமாட்டாரா என்றுதான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானாவது எழுந்து ஆடியிருக்கலாம். ஆடவில்லை.

ஒரு மணிக்கு மேல் கடற்கரைக்கு நடந்தோம். சாயந்தரம் ஆறு மணி முதல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் கிடையாது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும், செஞ்சியிலிருந்து வந்த உயரமான கல்தூண்களுக்கு அருகே பாறை மேல் உட்கார்ந்தோம். அலைச் சத்தம் மட்டும்.

"பாத்தியாண்ணே? நாலு நிமிஷத்துல காலி பண்ணிட்டேன்" என்று சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

"எதுக்குடா அந்தப் பாட்டைப் போட்டே?"

"சரண்ஜித் சிங்னு ஒருத்தர் இருந்தாரு. தெரியுமா?"

தெரியாது. அங்கே அவன் சொன்னதையும், ஊருக்கு வந்து நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கதை அவ்வளவு விசேஷம்.

சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா இசைக் குழுக்களில் வாசித்தவர். ஆர்.டி. பர்மன், சங்கர்-ஜெய்கிஷன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என்று பெரிய இசையமைப்பாளர்களுக்கெல்லாம் கிடாரும் கீபோர்டும் வாசித்தவர். டைட்டிலில் பெயர் வராத ஜாதி. சொந்தமாக ஒரு ஆர்கெஸ்ட்ராவும் வைத்திருந்தார். கல்யாண ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு வாசிக்கிற, நம்ம ஊர் மெல்லிசைக் குழு மாதிரிதான்.

புது மெஷின் வந்தால் வாங்கிவிடுகிற பழக்கம் அவருக்கு. எண்பதுகளின் ஆரம்பத்தில் மூன்று ரோலண்ட் மெஷின்கள் அவர் கைக்கு வந்தன. ஜுப்பிட்டர்-8 என்ற கீபோர்டு, டி.ஆர்.-808 என்ற டிரம் மெஷின், டி.பி.-303 என்ற சின்ன வெள்ளிப் பெட்டி. அந்தப் பெட்டியின் கதை தனி. பேஸ் கிடார்காரர் வராத நாளில் தனியாக பிராக்டிஸ் செய்ய உதவும் என்று கம்பெனி விற்றது. அசல் கிடார் மாதிரி இல்லவே இல்லை, என்னவோ தண்ணீருக்குள் தவளை பேசுகிற மாதிரி இருந்தது. யாரும் வாங்கவில்லை. சுமார் பத்தாயிரம் பெட்டிகளோடு 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பெட்டியிடம் ஒரு குணம் இருந்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியேறிப் போகாமல் வழுக்கிக்கொண்டு போகும். நமக்கு இது புதுசா? கமகம் என்று ஆயிரம் வருஷமாக வேறென்ன செய்கிறோம்?

1982. எங்கும் டிஸ்கோ. சரண்ஜித் சிங், சரி, அந்த டிஸ்கோ தாளத்தை வைத்தே வேறு ஏதாவது செய்து பார்ப்போம் என்று தபலாவைத் தள்ளி வைத்துவிட்டு, மூன்று மெஷின்களையும் ஒன்றோடொன்று இணைத்து, வீட்டிலேயே ராகங்களை வாசித்துப் பார்த்தார். யமன், மால்கௌன்ஸ், பூபாளி என்று பத்து ராகங்கள். நம் கணக்கில் கல்யாணி, ஹிந்தோளம், மோகனம். 'டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்து ஹெச்.எம்.வி. அதை இசைத்தட்டாக வெளியிட்டது.

போணியாகவில்லை. ராகம் கேட்கிறவர்கள் டிஸ்கோ என்றதும் ஓடிவிட்டார்கள். டிஸ்கோ ஆடுகிறவர்கள் ராகம் என்றதும் உட்கார்ந்துவிட்டார்கள். (அந்த ஓட்டல் கூட்டம் மாதிரியே!) சரண்ஜித் சிங் ஒன்றும் தாடி வளர்க்கவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு வாசிக்கப் போய்விட்டார்.

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். விலை போகாத அந்த வெள்ளிப் பெட்டிகள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. சிகாகோவில் கையில் காசில்லாத சில கறுப்பின இளைஞர்கள் அதில் ஒன்றை வாங்கி, பொத்தான்களைக் கன்னாபின்னாவென்று திருகி ஒரு சத்தம் கொண்டுவந்தார்கள். ஃப்யூச்சர் என்ற அவர்களுடைய குழு 1987-ல் வெளியிட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' இசைத்தட்டிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் என்ற வகையே பிறந்தது என்று சொல்வார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் விடிய விடிய ஆடின.

2002-ல் எடோ பாவ்மன் என்ற ஹாலந்துக்காரர், பழைய இசைத்தட்டு சேகரிப்பவர், டெல்லியில் ஒரு கடையில் சரண்ஜித் சிங்கின் தட்டை எடுத்தார். போட்டுக் கேட்டவர் ஆடிப்போய்விட்டார். அதே பெட்டி, ஏறக்குறைய அதே சத்தம். வருஷத்தைப் பார்த்தால் சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்னால்! பம்பாய்க்குப் போய் ஆளைத் தேடிப் பிடித்தார். 2010-ல் அதை மறுபடி வெளியிட்டார். "இது மோசடி, இப்போது யாரோ செய்துவிட்டுப் பழைய தேதி போடுகிறார்கள்" என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய அந்தக் கல்யாண வாத்தியக்காரரை ஐரோப்பிய மேடைகள் கூப்பிட்டன. போய் வாசித்தார். எதிரே ஆடியவர்கள் பேரப்பிள்ளை வயசுக்காரர்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

"இருபத்தெட்டு வருஷம்ணே! ஒருத்தரும் ஆடாத பாட்டுக்கு இருபத்தெட்டு வருஷம் கழிச்சு ஆடினாங்க" என்றான் தம்பி.

எனக்குள் இருந்த பி.காம். உடனே விழித்துக்கொண்டது. "அந்த இருபத்தெட்டு வருஷம் அவர் வீட்டுல அடுப்பு எப்படிடா எரிஞ்சுது?"

"கல்யாணத்துல வாசிச்சாரு..."

"அதைத்தான் உங்கப்பாவும் சொல்றார்."

தம்பி பேசவில்லை. ஒரே வவுச்சரை அவன் வரவில் எழுதுகிறான், சித்தப்பா பற்றில் எழுதுவார். இரண்டும் சரியாக டேலி ஆகிறது. என்ன செய்ய?

திரும்பும்போது ஆசிரமத் தெருக்கள் வழியாக வந்தோம். மெஷினிலிருந்து சங்கீதம் எடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. அரவிந்தர் ஆசிரமத்தில் சுனில் பட்டாசார்யா என்று ஒருவர் எலெக்ட்ரானிக் ஆர்கன், சிந்தஸைஸர் எல்லாம் வைத்துப் புத்தாண்டு தோறும் புது இசை அமைத்துக் கொடுத்தார். அன்னை 1973-ல் மறைந்த பிறகும் தொடர்ந்தார். 1998-ல் காலமானார். அவருக்குத் துண்டுச் சீட்டு வந்ததில்லை. ஆசிரமத்தில் சோற்றுக் கவலையும் இல்லை. தம்பிக்கு இரண்டும் உண்டு.

ஞாயிறு காலை. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தோம். சித்தப்பா பேப்பர் படிப்பது போல் காதை இங்கே வைத்திருந்தார்.

ஓட்டலில் ராத்திரிக்கு 2,500, மாசம் நாலு சனிக்கிழமை, வந்தால். கல்யாண ரிசப்ஷனுக்கு 6,000. வைகாசியில் நாலு கல்யாணம் வந்தது, ஆவணியில் மூன்று வரலாம். ஆடியில் பூஜ்யம். மார்கழியிலும் பூஜ்யம்தான், ஆனால் அதன் நடுவே டிசம்பர் 31 வந்து காப்பாற்றுகிறது. பஞ்சாங்கத்தைப் பார்த்து பட்ஜெட் போடும் ஒரே நவீனத் தொழில் இதுதான்! செலவில் லேப்டாப் தவணை, மெஷின் தவணை, பெட்ரோல். கூட்டிக் கழித்தால் சம்பளத்தில் பாதிகூடத் தேறவில்லை. சித்தப்பா பேப்பரை ஒரு தடவை திருப்திகரமாக உதறினார்.

"சொந்தப் பாட்டுக்கு என்னடா வந்துது?"

"ஆப்ல போட்டிருக்கேன். இதுவரைக்கும்... ஒரு காபி குடிக்கலாம்ணே."

"ரெண்டு பேரா?"

"ஒருத்தர். சர்க்கரை இல்லாம."

ஆனால் அங்கேதான் எனக்கு ஒன்று பட்டது. கல்யாணத்தில் அடுத்தவர் பாட்டைப் போட்டால் காப்புரிமைச் சட்டம் 52-ம் பிரிவு விட்டுவிடுகிறது. ஓட்டலில் போட்டால் ஓட்டல்காரர் லைசென்ஸ் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் பாட்டின் சொந்தக்காரர்களுக்குப் போகிறது. பரிமாறுகிற தம்பிக்கு அன்றையக் கூலி மட்டும்தான், படுத்தால் அதுவும் இல்லை. அவனே செய்த பாட்டு ஒன்று என்றைக்காவது நின்றுவிட்டால் அது சொத்து. மெஷினுக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் போடு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 395 டாலருக்கு வந்து, ஓரம் கட்டப்பட்ட அந்த வெள்ளிப் பெட்டி இன்றைக்குப் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. இதற்கு ஜர்னல் என்ட்ரி போட என் காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை.

லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி லண்டனுக்கே திரும்பிய மாதங்கி அருள்பிரகாசமும் ஒரு ரோலண்ட் பெட்டியில் தட்டித் தட்டித்தான் முதல் பாட்டுகளை உண்டாக்கினார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005-ல் 'அருளர்' வந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. அவருக்கு உடனே நடந்தது, சரண்ஜித் சிங்குக்கு இருபத்தெட்டு வருஷம் ஆனது, நூறு பேருக்கு நடக்கவே இல்லை. ஏழாவது ராகம் போட்டவனுக்கு இத்தனாவது வருஷம் கிடைக்கும் என்று ஃபார்முலா இருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

"ராஜினாமா லெட்டர் எழுதிட்டியா?"

"போன்ல டிராஃப்ட்ல இருக்கு."

"டிசம்பர் 31 வரைக்கும் டிராஃப்ட்லயே இருக்கட்டும். அதுவரைக்கும் மாசம் ஒரு பாட்டு முடிச்சுக் காட்டு. ஓட்டல் பாக்கியை எழுத்துல கேளு, வாயால கேக்காதே. ஆடி மாசம் பூரா சும்மாதானே இருக்கே?"

யோசித்தான். "சரிண்ணே" என்றான். பிறகு எழுந்துபோய் ஹெட்போனைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டினான். "இது நேத்து போடலே. இன்னும் முடியலே. கேளு."

டக்கட்டிக், டக்கட்டிக், டக்கட்டிக். கரகரவென்று ஒரு வயசான வாய் சொல்லும் தாளம். அதற்கு அடியில் டிரம் வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு இருமல். அதைக்கூட வெட்டாமல் சரியாகத் தாளத்தில் விழ வைத்திருந்தான். அதன் மேல் நேற்றைய ஹிந்தோளம்.

வாசலைப் பார்த்தேன். தாத்தா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியுமாடா?"

"மில்லு சத்தம் எப்படி இருக்கும்னு கேட்டேன். அரை மணி நேரம் செஞ்சு காட்டினாரு. எந்தத் தறி, எந்த ஷிப்டுன்னு தனித்தனியா!"

இரண்டு முறை கேட்டேன். என் கால் ஆடியதை சித்தி பார்த்துவிட்டார்.

சாயந்தரம் சித்தப்பா ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். வழி பூராவும் மௌனம். நெல்லித்தோப்பு தாண்டியதும் கேட்டார்.

"வேலையை விடமாட்டான்ல?"

"டிசம்பர் வரைக்கும் விடமாட்டான் சித்தப்பா."

"அப்புறம்?"

"அப்புறம் பார்க்கலாம்."

"நீ கடைசியா அந்தப் பாட்டைக் கேட்டுட்டு அவன்கிட்ட தனியா ஏதோ சொன்னியே, என்ன சொன்னே?"

"தாத்தா குரல் கொஞ்சம் அமுங்கிக் கிடக்கு, இன்னும் சத்தமா ஏத்தி வைன்னு சொன்னேன்."

சித்தப்பா ஸ்கூட்டரை ஓரம் கட்டி நிறுத்தினார். "தாத்தா குரலா? எங்கப்பா குரலா?" என்றார்.